கரண்ட் முடிந்தபின் “இன்னும் நாலு கீமோ” என்றால் என்ன கேட்பது?

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஐந்தாறு வாரம் கரண்ட் (வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு), கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, கடைசியில் உள்ளே வைக்கும் கதிர்வீச்சு என எல்லாம் முடித்து அப்பாடா என்று உட்காரும்போது “எதற்கும் இன்னும் நாலு கீமோ போட்டுவிடலாம்” என்பார்கள். உடனே தலையாட்ட வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். “மிச்சம் ஏதாவது தெரிகிறதா டாக்டர், இல்லை பாதுகாப்புக்காகவா?” என்று கேளுங்கள்.

பாதுகாப்புக்காகத்தான் என்றால், அதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அவுட்பேக் என்ற ஆய்வில் 900க்கும் மேற்பட்ட பெண்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கீமோ-கதிர்வீச்சு மட்டும், மறுபாதிக்கு அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு தடவை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்ற இரண்டு கீமோ மருந்துகளும். ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 71%, 72%, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் முதல் வருடத்தில் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் கூடுதல் கீமோ பக்கம் 81%, மற்ற பக்கம் 62%. அதிலும் ஐந்தில் ஒருவர் அந்த நாலில் ஒன்றைக்கூட ஆரம்பிக்கவில்லை.

இதே இரண்டு மருந்தையும் கரண்டுக்கு முன்னால் ஆறு வாரம், வாராவாரம் கொடுத்துப் பார்த்த இன்டர்லேஸ் ஆய்வில் (500 பேர்) ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் கரண்டும் சிஸ்பிளாட்டினும் மட்டும் பெற்ற பக்கம் 72%, முன்கூட்டியே இந்தக் கீமோவும் பெற்ற பக்கம் 80%. அதனால் உங்கள் வீட்டில் சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: “கரண்டுக்கு முன்னால் இந்தக் கீமோ எங்களுக்குச் சரிவருமா?” தொடங்கிவிட்டால் நாள் தள்ளாமல், உள் கதிர்வீச்சையும் சேர்த்து, எட்டு வாரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். வலிக்கும் என்று பயந்து உள் கதிர்வீச்சை விட்டுவிட்டு அதற்குப் பதில் கீமோ போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கீமோ உள் கதிர்வீச்சுக்கு ஈடாகாது.

மிச்சம் தெரிகிறது என்றால், எப்போது எடுத்த ஸ்கேன் என்று பாருங்கள். கரண்ட் முடிந்த கையோடு எடுத்தால் வீக்கமே கட்டி மாதிரி தெரியலாம், அதனால்தான் பெட் ஸ்கேனுக்குச் சுமார் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அப்போதும் கருப்பை வாயில் மட்டும் இருந்தால் ஆபரேஷன் முடியுமா என்று கேளுங்கள். நுரையீரல், கல்லீரல் என்று பரவியிருந்தால் கீமோ அங்கே உண்மையான சிகிச்சை, தயங்க வேண்டாம்.

சரி, போடுவது என்று முடிவாகிவிட்டது. ரத்த அணுக்கள் நிறைய உருவாகும் இடங்களில் இடுப்பெலும்பு ஒன்று, அங்கேயே கரண்ட் பட்டிருப்பதால் இந்தத் தடவை அணுக்கள் சட்டென்று குறையும், கிருமி எளிதில் தொற்றும். தெர்மாமீட்டர் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி. என் சித்தி “உடம்பு சூடுதான்” என்று ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டார், விடிவதற்குள் பிரஷர் இறங்கி நாலு நாள் ஐசியூ.

இன்னொன்று, பாக்ளிடாக்சல் கை, கால் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். மூன்றாவது கீமோவுக்கு அப்புறம் சித்தியால் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை, தடவித் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவார், ஆனால் டாக்டரிடம் மட்டும் “நல்லா இருக்கேன் சார்” என்பார். நீங்கள் சொல்லிவிடுங்கள், அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. அதுவரை வீட்டுக்குள்ளும் செருப்பு, வெந்நீரை வேறு யாராவது தொட்டுப் பார்த்துக் கொடுப்பது.

ஃபைலில் கரண்ட் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை தடவை, எந்தத் தேதியில் முடிந்தது என்ற தாள் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒரு வருடம் கழித்து, கரண்டின் பின்விளைவாக மலத்தில் ரத்தம் வந்து வேறு டாக்டரிடம் ஓடும்போது அவர் முதலில் கேட்பது அதைத்தான்.