பித்தளைக் கூடு அனீலிங்: கோளாறு எரிவாயு உருளையில்

சுட்ட .308 வின்செஸ்டர் துப்பாக்கித் தோட்டாக்களின் காலிக் கூடுகளை மறுபடி நிரப்புவதற்காக, டார்ச் வைத்த சுழல்தட்டு இயந்திரத்தில் அனீலிங் செய்து வந்தேன், அதாவது குண்டைப் பிடிக்கும் கழுத்தைச் சூடாக்கி இளக வைப்பது. ஒரே தொகுதியிலேயே சில கூடுகளில் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது, சிலவற்றில் முரண்டு பிடித்தது.

முதலில் சந்தேகப்பட்டது வெவ்வேறு தயாரிப்புக் கூடுகள் கலந்திருப்பதை. கழுத்துச் சுவரின் தடிமன் மாறினால் சூடேறும் நேரமும் மாறும். ஒரே தயாரிப்பு, ஒரே லாட் என்று பிரித்த பிறகும் அதே கதை. தட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். சூடானதும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பித்தளை எஃகு அல்ல, அதனால் இறுகாது, கையில் எடுக்கச் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான்.

விடை தந்தது 399 டிகிரி செல்சியஸ் டெம்பிலாக் மை, அந்தச் சூட்டை எட்டினால் உருகிக் காட்டும் மை. கழுத்தின் உட்புறம் பூசி ஓட்டியபோது ஆரம்பக் கூடுகளில் உருகியது, கடைசிக் கூடுகளில் உருகவே இல்லை. 1 பவுண்டு புரொப்பேன் உருளையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. வாயு ஆவியாகும்போது உருளை குளிர்கிறது, அழுத்தம் விழுகிறது, சுடரின் நீல முனை சுருங்குகிறது. வெளிச்சத்தில் இது கண்ணுக்குத் தெரியாது.

20 பவுண்டு உருளை, வாயு அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், குழாய் என்று மாற்றியதும் சரியாயிற்று. வாங்குபவர்கள் இயந்திரத்துக்கு முன் ரெகுலேட்டரைப் பாருங்கள். கூட்டின் தோளுக்கு (கழுத்தை அடுத்துச் சரியும் பகுதி) கீழே 232 டிகிரி மையும் ஒரு கோடு இழுங்கள். அது உருகினால் சூடு அடிப்பகுதியை நோக்கிப் போகிறது. அடி இளகிய கூட்டை நசுக்கி எறிய வேண்டியதுதான்.