பெரிமெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சை: புரோஜெஸ்டிரோனைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில், அதாவது பெரிமெனோபாஸ் காலத்தில், ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் பெண்கள் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஜெல்லா, பேட்சா, மாத்திரையா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். திடீரென உடம்பு கொதிப்பதையும் இரவில் வியர்த்துக் கொட்டுவதையும் தணிப்பது அதுதான் என்பதால் இதில் வியப்பில்லை. கூடவே எழுதித் தரப்படும் புரோஜெஸ்டிரோன், மருந்துச் சீட்டின் இரண்டாவது வரியாக நின்றுவிடுகிறது. இந்தச் சிகிச்சையில் நேரும் தவறுகளில் பல, அந்த இரண்டாவது வரியை அலட்சியமாகப் படிப்பதிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் கணிப்பு.

அவற்றுள் மிகப் பெரியது, ஈஸ்ட்ரோஜனே போதுமென்று புரோஜெஸ்டிரோனை விட்டுவிடுவது. கருப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து எடுத்தால், கருப்பையின் உட்படலம் உதிர வழியின்றித் தடித்துக்கொண்டே போகும். 1975இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள், அவ்வாறு எடுத்த பெண்களிடம் உட்படலப் புற்றுநோய் பல மடங்கு கூடுதலாக இருந்ததைக் காட்டின. 1990களின் நடுவில் முடிவுகள் வெளியான 'பெப்பி' ஆய்வில், கருப்பை உள்ள நிலையில் மூன்றாண்டுகள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உட்படலத்தில் கவலைக்குரிய மிகைவளர்ச்சி காணப்பட்டது. புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தவர்களிடம் அது மருந்தே எடுக்காதவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. பெரிமெனோபாஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. சினைப்பை அப்போதும் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது, சில மாதங்களில் தாறுமாறாகவே சுரக்கிறது. ஆனால் முட்டை வெளிப்படாத மாதங்களில் உடலின் சொந்தப் புரோஜெஸ்டிரோன் கிடைப்பதில்லை. எனவே 'எனக்குத்தான் இன்னும் மாதவிடாய் வருகிறதே' என்பது இந்த மருந்தைத் தவிர்க்கக் காரணமாகாது.

கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக இது தேவையில்லை. ஆனால் கருப்பையின் கழுத்துப் பகுதியை விட்டுவைத்த அறுவையா, முன்பு எண்டோமெட்ரியோசிஸ் (உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) கடுமையாக இருந்ததா என்பவற்றைப் பொறுத்து விதிவிலக்குகள் உண்டு. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

அடுத்த குழப்பம் பெயர்களில். 'புரோஜெஸ்டிரோன்' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுபவை எல்லாம் ஒரே மருந்தல்ல. மைக்ரோனைஸ்டு (நுண்துகளாக்கப்பட்ட) புரோஜெஸ்டிரோன் என்பது சினைப்பை சுரக்கும் அதே மூலக்கூறு. நம் ஊரில் சஸ்டன் போன்ற பெயர்களில் கிடைப்பதும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் பலருக்கு எழுதப்படுவதும் இதுதான். மருந்துக் கடையில் 48 வயதுப் பெண்ணிடம் 'எத்தனை மாதம்?' என்று கேட்கும் சங்கடம் இதனால் நேர்வதுண்டு. டுஃபாஸ்டன் என்ற பெயரில் பலரும் அறிந்த டைட்ரோஜெஸ்டிரோன், அமைப்பில் அதற்கு மிக நெருக்கமானது. மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன், நோரெதிஸ்டிரோன் ஆகியவை செயற்கை வகைகள். இவற்றுள் நோரெதிஸ்டிரோனிடம் தனிக் கவனம் வேண்டும். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் 5 மில்லிகிராம் மாத்திரை இதுவே. ஹார்மோன் சிகிச்சைக் கூட்டு மாத்திரைகளில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான். நாளொன்றுக்கு மூன்று வேளை என்ற கணக்கில் 5 மில்லிகிராம் எடுக்கும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. இரத்தம் உறையும் வாய்ப்புள்ளவர்களுக்கு அது ஆபத்து. வீட்டில் மீந்துபோன அட்டையிலிருந்து எடுத்து 'இதுவும் அதுதானே' என்று விழுங்குவது கூடவே கூடாது.

மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனிலேயே, மெதுவாகக் கரையும் 'எஸ்.ஆர்.' மாத்திரைகள் இந்தியச் சந்தையில் நிறைய உள்ளன. பெப்பி போன்ற ஆய்வுகளில் பயன்பட்டது மென்மையான கேப்ஸ்யூல். சீட்டில் கேப்ஸ்யூல் என்றிருக்க, கடையில் இருப்பு இல்லையென்று எஸ்.ஆர். மாத்திரையை மாற்றித் தந்தால், மருத்துவரைக் கேட்காமல் ஏற்க வேண்டாம். சில நிறுவனங்களின் கேப்ஸ்யூலில் நிலக்கடலை எண்ணெய் இருப்பதால், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் உட்பொருள்களைப் படித்துப் பார்க்க வேண்டும்.

'இயற்கையானது, ஆகவே ஆபத்தே இல்லை' என்ற நம்பிக்கையும், 'எல்லா ஹார்மோனும் புற்றுநோய்தான்' என்ற அச்சமும் ஒரே தவறின் இரு முகங்கள். 2002இல் நிறுத்தப்பட்ட அமெரிக்காவின் டபிள்யு.ஹெச்.ஐ. ஆய்வு, சராசரியாக 63 வயதான பெண்களிடம், குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனுடன் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோனைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. அதில் மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்குக் கூடுதலாக வந்தது. பிரான்சின் இ3என் ஆய்வில் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோனும் டைட்ரோஜெஸ்டிரோனும் மற்றச் செயற்கை வகைகளைவிடக் குறைந்த ஆபத்தைக் காட்டின. ஆனால் அது மருந்தைப் பிரித்துக் கொடுத்துச் சோதித்ததல்ல, எடுத்துக்கொண்டவர்களைக் கண்காணித்த ஆய்வு மட்டுமே; நீண்ட ஆண்டுகள் எடுத்தால் இவற்றிலும் ஆபத்து சற்று ஏறக்கூடும். சாதகமான வகை என்று சொல்லலாம். முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே புரோஜெஸ்டிரோனைத் தினசரி எடுக்கத் தொடங்குவது மற்றொரு தவறு. பெரிமெனோபாஸில் வழக்கமான முறை, ஈஸ்ட்ரோஜனை நாள்தோறும் எடுத்து, மாதத்தில் 12 முதல் 14 நாள்கள் மட்டும் புரோஜெஸ்டிரோனைச் சேர்ப்பது. மைக்ரோனைஸ்டு என்றால் இரவில் 200 மில்லிகிராம். அந்த நாள்கள் முடிந்ததும் மாதவிடாய்போல் இரத்தப்போக்கு வரும். நாள்தோறும் 100 மில்லிகிராம் எடுக்கும் முறை, மாதவிடாய் நின்று ஓராண்டு ஆனவர்களுக்கானது; அதற்கு முன்பே தொடங்கினால், சினைப்பையின் சொந்தச் சுரப்பும் மருந்தும் மோதிக்கொண்டு, எந்த நாளில் கறை படும் என்றே தெரியாமல் போகும். பிரிட்டன் வழிகாட்டுதல்களில் 54 வயதையொட்டி இந்த மாற்றத்தைச் செய்யலாம் என்றிருப்பது, அங்கே சராசரியாக 51இல் மாதவிடாய் நிற்பதை மனத்தில் வைத்தது. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அந்த வயதுக் கணக்கை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை.

ஈஸ்ட்ரோஜன் அளவைக் கூட்டும்போது புரோஜெஸ்டிரோனை மறந்துவிடுவது, ஜெல் பயன்படுத்துவோரிடம் எளிதாக நேரும். வெப்பம் தணியவில்லையென்று ஜெல் பம்ப்பின் இரண்டு அழுத்தலை நான்காக்குகிறார்கள். கேப்ஸ்யூல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. உயர்ந்த அளவு ஈஸ்ட்ரோஜனுக்குப் புரோஜெஸ்டிரோனையும் உயர்த்த வேண்டும் என்று பிரிட்டிஷ் மெனோபாஸ் சங்கம் அறிவுறுத்துகிறது.

எடுக்கும் நேரமும் முக்கியம். வாய்வழி எடுக்கும் மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன், கல்லீரலில் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறி மூளையில் தூக்கத்தைத் தூண்டுகிறது. தூக்கமின்றித் தவிப்பவருக்கு இது வரம். காலையில் விழுங்கிவிட்டு வண்டி ஓட்டுபவருக்கு விபரீதம். உணவோடு எடுத்தால் உடலில் சேரும் அளவு கூடித் தலைசுற்றலும் கூடலாம் என்பதால், இரவுச் சாப்பாடு முடிந்து சற்று இடைவெளி விட்டு, படுக்கப் போகும்போது எடுப்பதே முறை. சிலருக்கு இதே பொருள் எரிச்சலையும் மனச்சோர்வையும் தருகிறது. அவர்கள் பெரும்பாலும் செய்வது, யாரிடமும் சொல்லாமல் கேப்ஸ்யூலை மட்டும் நிறுத்துவது. அதற்கு மாறாக, வகையை மாற்றலாம். கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பில் வைக்கும் முறையை மருத்துவரோடு பேசலாம். அல்லது கருப்பைக்குள் பொருத்தும் மிரீனா என்ற ஹார்மோன் கருவிக்கு மாறலாம்.

லெவொனொர்ஜெஸ்ட்ரல் என்ற செயற்கை வகை 52 மில்லிகிராம் கொண்ட மிரீனா, அதிக உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் கருத்தடை இன்னும் தேவைப்படுபவர்களுக்கும் மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் சாதாரண காப்பர்-டியை இதுவென்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஹார்மோனே இல்லை. குறைந்த அளவு ஹார்மோன் கொண்ட சிறிய கருவிகளும் உட்படலப் பாதுகாப்புக்குப் போதா. கருத்தடைக்காக எட்டு ஆண்டுகள்வரை வைத்திருந்தாலும், ஹார்மோன் சிகிச்சைக்கு ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டும். மிரீனா இல்லாமல், மாதந்தோறும் கேப்ஸ்யூல் எடுக்கும் 47 வயதுப் பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை கருத்தடையாகாது.

தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் கிரீம்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அவை உட்படலத்தைக் காக்கும் அளவுக்கு உடலுக்குள் சேர்வதில்லை. காட்டு வள்ளிக்கிழங்குக் கிரீமோ அதைவிடப் பயனற்றது. அந்தக் கிழங்கின் பொருளைப் புரோஜெஸ்டிரோனாக்கும் வழி மனித உடலில் இல்லை.

கடைசியாக, எதிர்பாராத இரத்தப்போக்கு. சிகிச்சை தொடங்கிய முதல் ஆறு மாதங்களிலும், அளவையோ வகையையோ மாற்றிய மூன்று மாதங்களிலும் இது சகஜம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், அல்லது மிகுதியாகப் போனால், 'மாதவிடாய் நிற்கும் வயதில் இப்படித்தான்' என்று பொறுத்திருக்கக் கூடாது. உடல் பருமன், சர்க்கரை நோய், பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உட்படலத்தின் தடிப்பை அளப்பார்கள். மாதத்தில் சில நாள்கள் மட்டும் புரோஜெஸ்டிரோன் எடுப்பவருக்கு 7 மில்லிமீட்டருக்கு மேலும், நாள்தோறும் எடுப்பவருக்கு 4 மில்லிமீட்டருக்கு மேலும் இருந்தால் திசுப் பரிசோதனை தேவைப்படலாம். எந்த முறையில் எடுக்கிறோம் என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லாவிட்டால், அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவதென்று அவருக்குத் தெரியாது. ஆகவே ரத்தம் பட்ட தேதிகளையும் கேப்ஸ்யூல் எடுத்த நாள்களையும் நாள்காட்டியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.