பழைய நேபாளி நிலச் சொற்களைப் படிக்கப் பழகுவது எப்படி?

நேபாளத்தில் இன்று ஒருவர் "ஜாகிர்" என்றால் மாதச் சம்பள வேலையைச் சொல்கிறார். வேலையில் இருப்பதை "ஜாகிர் கானு" என்பார்கள். சொல்லுக்குச் சொல், ஜாகிர் சாப்பிடுவது. இருநூறு வருடங்களுக்கு முன்பு ஜாகிர் என்பது நிலம். சம்பளத்துக்குப் பதிலாக அரசு ஊழியருக்கு ஒதுக்கிய நிலம், அதன் விளைச்சலில் ஒரு பங்கு அவருக்கு. அப்போது அந்தச் சாப்பாடு நிஜமான சாப்பாடுதான். (சேலத்து ஜாகீர் அம்மாபாளையத்தில் இருப்பதும் பாரசீகம் வழி வந்த இதே சொல்தான்.)

பழைய நேபாளி ஆவணங்களைப் படிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவநாகரி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: நோட்டில் தேவநாகரியிலேயே எழுதுங்கள்

தமிழ் எழுத்தில் குறித்து வைத்தால் பின்னால் சிக்கல் வரும். வீட்டை ஒட்டிய மேட்டு நிலமும் "பாரி", முதுகில் சுமக்கும் சுமையும் "பாரி". நேபாளியில் முதலாவது மூன்றாம் ப, இரண்டாவது நான்காம் ப. நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம். கோயில் அறக்கட்டளை நிலத்துக்கான சொல்லைத் தமிழில் எழுதினால் "குட்டி" என்று ஆகிவிடும். இந்தக் கட்டுரையில் எனக்கு வேறு வழியில்லை, உங்கள் நோட்டில் இருக்கிறது.

அகராதிக்கு, ரால்ஃப் டர்னர் 1931இல் வெளியிட்ட நேபாளிச் சொற்பிறப்பு அகராதியை நம்பலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இலவசமாகத் தேடலாம். நிலச் சொற்களுக்கு மகேஷ் சந்திர ரெக்மியின் எழுத்துகளை விட்டால் வேறு வாசல் இல்லை. ஆயிரக்கணக்கான அரசு ஆவணங்களைத் தோண்டி எடுத்து ஆங்கிலத்தில் தந்தவர், 1977இல் மகசேசே விருது பெற்றவர். அவர் நூல்களின் கடைசியில் இருக்கும் சொற்பட்டியலை முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆண்டை மாற்றுங்கள்

ஆவணத்தில் இருப்பது பெரும்பாலும் விக்கிரம ஆண்டு. அதில் 57 கழியுங்கள், 1862 என்றால் 1805. மாதம் ஜனவரி முதல் சித்திரைப் பிறப்புக்கு முன் வரை என்றால் 56. ஷா மன்னர்களின் பழைய நாணயம் என்றால் அதில் பெரும்பாலும் சக ஆண்டு இருக்கும், 78 கூட்டவேண்டும்.

படி 3: நிலச் சொல்லிடம் மூன்று கேள்வி கேளுங்கள்

இங்கேதான் நிதானம் தேவை. பிர்தா என்றால் மானியம், ரைகர் என்றால் அரசு நிலம் என்று ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எழுதி மனப்பாடம் செய்தால், இரண்டாவது ஆவணத்திலேயே குழம்பிவிடும். ஒவ்வொரு சொல்லும் ஆட்களுக்கு இடையே இருந்த ஓர் ஏற்பாடு. அதனால் கேட்க வேண்டியவை: யார் உழுதார்? விளைச்சலின் பங்கு யாருக்குப் போனது? அதை யார் பறிக்க முடியும்?

ரைகரில் பங்கு அரசுக்கு. பிர்தாவில் மானியம் பெற்ற புரோகிதருக்கோ பிரபுவுக்கோ போனது. அது பெரும்பாலும் வரியில்லாத நிலம், வாரிசுக்கும் போகும். ஜாகிரிலும் பங்கு ஓர் ஆளுக்குத்தான், ஆனால் வேலை இருக்கும் வரைதான். ஆண்டுதோறும் 'பஜனி' என்று ஒன்று நடக்கும். யார் பதவியில் நீடிக்கலாம், யார் போகலாம் என்று முடிவுசெய்யும் நாள் அது. பதவி போனால் நிலமும் போனது. ஜாகிர்தார் ஏன் எப்படியாவது பிர்தா வாங்கப் பார்த்தார் என்பது இப்போது தானாகவே புரியும்.

மூன்றிலும் முதல் கேள்விக்கு விடை ஒன்றேதான். உழுதவர் 'மோஹி' என்ற குத்தகைதாரர். 'அதியா' என்றால் அவர் பாதி விளைச்சலைக் கொடுக்கவேண்டும், 'கூத்' என்றால் முன்பே பேசிய அளவை.

இந்த வரிசையில் அடங்காதது கிழக்கு மலைகளின் 'கிபட்'. லிம்பு போன்ற சமூகங்கள் பரம்பரையாக வைத்திருந்த பொது நிலம் அது, வெளியாருக்கு விற்கக்கூடாது. பிர்தாவை 1959இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஜாபா மாவட்டத்து பிர்தாமோட் ஊரின் பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

படி 4: அளவையும் பாத்திரத்தையும் சேர்த்துப் படியுங்கள்

தானியத்துக்கு மானா, பாதி (அரை என்ற நம் 'பாதி' அல்ல, ஓர் அளவின் பெயர்), முரி. 8 மானா ஒரு பாதி, 20 பாதி ஒரு முரி. மானாவும் பாதியும் கையில் பிடிக்கும் பாத்திரங்கள், நம் படி, மரக்கால் மாதிரி.

சரி, அதே முரி நிலத்துக்கும் வரும். நீர் பாயும் நெல்வயலை 'கேத்' என்பார்கள். அதை அளக்கும்போது 4 முரி ஒரு ரோபனி. பின்னாளில் நிலைத்த கணக்கில் ஒரு ரோபனி 5,476 சதுர அடி. பழைய ஆவணத்துக்கு இதை உத்தேசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெற்குச் சமவெளியான தராயில் ரோபனி கிடையாது, அங்கே பிகா, கட்டா, தூர். ஒரு பிகாவுக்கு 20 கட்டா, ஒரு கட்டாவுக்கு 20 தூர்.

மலைச்சரிவு 'பாகோ'வை மட்டும் கருவியை வைத்துப் பிரித்தார்கள். ஹலோ என்றால் கலப்பை. ஏர் பூட்டி உழும் அளவுக்கு நிலம் வைத்திருந்த வீடு 'ஹலே'. கோதாலோ என்றால் மண்வெட்டி, அதனால் கொத்திப் பிழைக்கும் அளவே நிலமுள்ள வீடு 'கோதாலே'. இடைப்பட்டது 'பாடே'. வரி இந்த வரிசையில் குறையும். கோதாலோ என்றதும் நம் கோடாலி நினைவுக்கு வரும், அது வேறு.

வீட்டுப் பொருட்களை ஒரே மாலையில் கற்றுவிடலாம், ஏனென்றால் பலவும் நமக்குத் தெரிந்த பொருட்களே. நாங்லோ முறம். ஜாந்தோ திரிகை. சிலௌடோவும் லோஹோரோவும் அம்மியும் குழவியும். சுலேசி அரிவாள்மணை. குந்திரி வைக்கோல் பாய். டோகோ முதுகுக்கூடை, அதை நெற்றியில் தாங்கும் பட்டை நாம்லோ. படி 1இல் சொன்ன சுமை ஏறுவது இந்த டோகோவில்தான்.

படி 5: பதவிப் பெயரை ஆண்டோடு சேர்த்து எழுதுங்கள்

'சுப்பா' ஒரு காலத்தில் மாவட்டத்தையே ஆண்ட அதிகாரி. லிம்பு ஊர்த்தலைவர்களுக்கும் அது பட்டம். இன்றைய அரசு அலுவலகத்தில் 'நாயப் சுப்பா' எழுத்தர் நிலைப் பணி. ஆண்டு இல்லாமல் பதவியை மொழிபெயர்க்காதீர்கள்.

சமூகப் படிநிலைச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். 1854இல் பிரதமர் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன் சட்டம், நாட்டு மக்கள் எல்லோரையும் ஒரே ஏணியில் நிறுத்தியது. மேலே பூணூல் அணிந்த 'தாகாதாரி'. அடுத்து மது அருந்தும் 'மத்வாலி', அதிலும் அடிமையாக்கக் கூடாதவர், ஆக்கலாம் என்பவர் என்று இரண்டு. கீழே 'பானி நசல்னே'. தண்ணீர் செல்லாதவர் என்று பொருள். செல்லாத காசு என்கிறோமே, அந்தச் 'செல்லாத'. இவர்களிலும் தொட்டால் நீர் தெளிக்கவேண்டியவர் என்று ஒரு கடைசிப் படி. மொழிபெயர்க்கும்போது இந்தச் சொற்களை மழுப்பவேண்டாம், இன்றைய மரியாதைச் சொல்லைப் போட்டு மூடவும் வேண்டாம். அந்தச் சட்டம் மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதற்குச் சொல்லே சாட்சி.

அடிமை ஆண் 'கமாரா', பெண் 'கமாரி'. 1924இல் பிரதமர் சந்திர ஷம்ஷேர் அடிமை முறையை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினார். விடுதலையானவர்கள் 'அம்லேக்'. அவர்களில் பலரைக் குடியமர்த்திய ஊர்தான் தராயில் இருக்கும் அம்லேக்கஞ்ச்.

படி 6: ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள்

பயிற்சிக்காக நானே அமைத்த வரி இது: "அபல் கேத் முரி 60, ஹலே கர் 1, கூத் தான் முரி 20."

அபல் முதல் தரம் (அடுத்தவை தோயம், சிம், சாஹர்). கேத் முரி 60 என்பது நிலம், 15 ரோபனி. ஹலே கர் 1, ஏர் பூட்டும் வீடு ஒன்று. கடைசி முரி, 'தான்' என்ற நெல்லோடு வருவதால் தானிய அளவு: 400 பாதி நெல் குத்தகை. ஒரே வரியில் முரி இரண்டு பொருளில் வந்திருக்கிறது. இனி அந்த 400 பாதி யார் வீட்டுக்குப் போனது என்று தெரிய, மேல் வரிகளில் பிர்தா, ஜாகிர், குட்டி ஆகியவற்றில் எது இருக்கிறது என்று தேடுங்கள்.