எண்ணைப் பார்த்து இரும்புச் சிலுவை வாங்காதீர்கள்

இரும்புச் சிலுவை போன்ற இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் வீரப் பதக்கங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு, பிளாஸ்டிக் பொம்மையையும் உலோகப் பதக்கத்தையும் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் பணத்தை இழப்பது வேறு இடங்களில்.

தயாரிப்பாளர் எண்ணை நம்புவது

பதக்கம் கையில் வந்ததும் புதியவர் தேடுவது, செய்த நிறுவனத்தைக் குறிக்க அதில் அடித்திருக்கும் எண்ணைத்தான். எல்/11 என்றால் டாய்மர், எல்/12 என்றால் யுங்கர் என்று பட்டியலில் கண்டதும் பணத்தை எடுத்துவிடுகிறார். போலி செய்பவரிடமும் அதே பட்டியல் இருக்கிறது. முழுப் பதக்கத்திலும் போலி செய்ய மிக எளிதான பகுதி அந்த எண்தான்.

இதைவிட எரிச்சல் தருவது, எண் இல்லை என்று நல்ல பொருளை ஒதுக்குவது. 'எல்/' எண்கள் கடைகளில் விற்கும் பதக்கங்களுக்காக 1941 வாக்கில் வந்தவை. அதற்கு முந்தைய பதக்கங்கள் பலவற்றில் எந்த முத்திரையும் இருக்காது. விற்பவர் 1940-இல் செய்தது என்று சொல்லும் பேட்ஜில் 'எல்/' எண் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எனவே எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு தொடங்குங்கள். 1939 இரும்புச் சிலுவை என்றால், பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். கறுப்புப் பூசிய நடுத்தகட்டை முன்னும் பின்னும் இரண்டு சட்டங்கள் கவ்வியிருக்கும். அவை பற்றவைத்த கோடு விளிம்பில் தெரிய வேண்டும். ஒரே வார்ப்பாக இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். அடுத்து வெர்னியர் காலிப்பரால் அகலத்தை அளங்கள். வழக்கமான அளவு ஏறத்தாழ 44 மி.மீ. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்குவதால், போலி சற்றே சிறிதாக இருக்கும். எழுத்து, எண் விளிம்புகளும் மழுங்கியிருக்கும். பிறகு சட்டத்தின் மணிவரிசையை, அதே தயாரிப்பாளரின் உறுதியான அசல் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே அச்சில் அடித்தவற்றில் ஒரே நுண்குறைகள் வரும். அச்சு தேயத் தேய அந்தக் குறைகள் பெருகும். போருக்குப் பின்னும் பழைய அச்சுகளில் அடித்தவர்கள் உண்டு என்பதால், குறை பெருகிய பொருள் பிந்தையதாக இருக்கலாம்.

கடைசியாக எண்ணைத் திறந்து பாருங்கள். அது சொல்லும் தயாரிப்பாளரின் கீலும் குத்தூசியும் கொக்கியும்தானா இவை? இலக்கத்தின் பள்ளத்துக்குள்ளும் பூச்சு இறங்கியிருக்கிறதா? பூச்சைக் கிழித்துக்கொண்டு உலோகம் பளிச்சென்று தெரிந்தால், எண் பிற்பாடு அடிக்கப்பட்டது.

1939 என்று இருந்தால் போர்க்காலம் என்பது

1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி மேற்கு ஜெர்மனி அனுமதித்த சிலுவையிலும் 1939 உண்டு. ஸ்வஸ்திகா இருந்த இடத்தில் ஓக் இலைகள் இருக்கும்.

காந்தச் சோதனையோடு நிறுத்துவது

இரும்பு நடுத்தகடு காந்தத்தில் ஒட்டும், போலியிலும் ஒட்டும். காந்தத்தில் ஒட்டாத நடுத்தகடுள்ள அசல்களும் உண்டு.

துணிச் சின்னத்தில் புற ஊதா விளக்கு

பளீரென ஒளிர்ந்தால் எச்சரிக்கை: நூல் போருக்குப் பிந்தையதாக இருக்கலாம். ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த அசலும் ஒளிரும். ஒளிராத நூலில் நெய்த போலியும் உண்டு. நூலைப் பிடுங்கி எரித்துப் பார்ப்பது பொருளையே கெடுக்கும். ஆர்.இசட்.எம். என்ற அலுவலகத்தின் காகிதச் சீட்டு தைத்த தரைப்படைக் கழுகுச் சின்னம் வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்: அந்த அலுவலகம் நாஜிக் கட்சிப் பொருள்களுக்கானது, தரைப்படைக்கானதல்ல.

பாலிஷ் போடுவது

போடாதீர்கள். சட்டத்தின் பனிபடர்ந்த வெள்ளைப் பூச்சு ஒரு தேய்ப்பில் போய்விடும், திரும்ப வராது. போரின் பிற்பகுதியில் செய்த துத்தநாகப் பேட்ஜ்கள் பூச்சு போய்ச் சாம்பல் நிறமாக இருப்பது இயல்பு.

விற்பவர் கேட்கும் விலையை மதிப்பாக எடுப்பது

ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். வாங்குபவர் தரும் கமிஷன் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஒப்பிடுவது அதே தயாரிப்பாளர், அதே உலோகம், அதே நிலையில் உள்ளதாக இருக்க வேண்டும். குத்தூசியை மாற்றிப் பற்றவைத்தது என்றால் முழு விலை கொடுக்காதீர்கள். 'தாத்தாவின் பெட்டியில் இருந்தது' என்ற பேச்சுக்குத் தனி விலை கிடையாது. பெயரும் படைப்பிரிவும் தேதியும் பொருந்தும் விருதுச் சான்றிதழுக்கு உண்டு. ஆனால் அந்தக் காகிதத்தையும் தனியே சோதிக்க வேண்டும். போலியென்று தெரிந்தால் திரும்பப் பெறுவதாகப் பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.