கவுன்சிலரைத் திட்டுமுன்: அவதூறு வழக்கில் மாட்டிவிடும் தவறுகள்

"சாக்கடைக் காசை அண்ணாச்சி முழுங்கிட்டாருல்லா" என்று நெல்லை டவுன் டீக்கடையில் சொன்னாலும் சட்டப்படி அவதூறுதான். ஆனால் யார் சாட்சி சொல்ல வருவார்கள்? அதையே வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஸ்கிரீன்ஷாட் வந்து நிற்கும்.

பெயர் போடவில்லையே என்று தைரியமாக இருக்காதீர்கள். "எங்க வார்டு கவுன்சிலர்" என்றால் ஊருக்கே ஆள் தெரியும். கடைசியில் கேள்விக்குறி வைப்பதும், "கேள்விப்பட்டேன்" என்று ஒட்டவைப்பதும் காப்பாற்றாது. "பார்வர்டுதானே பண்ணேன்" என்பதும் அப்படித்தான். பார்வர்டு செய்வது அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டதற்குச் சமம் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் மனுவில் சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, செய்த வேலையை விட்டுவிட்டு ஆளைப் பிடிப்பது. "சாக்கடை தூர்வாரவே இல்லை, ஒதுக்கிய பணம் என்ன ஆச்சு?" என்று தாராளமாகக் கேட்கலாம். பொதுப்பணியில் இருப்பவர் அதைச் செய்யும் விதம் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்ல சட்டமே விலக்கு தருகிறது. "முழுங்கிட்டார்" என்பது கருத்தல்ல, குற்றச்சாட்டு. நிரூபிப்பது உங்கள் தலையில். அதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் பில் நகலை வாங்கிவிடுங்கள். கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். அவர் வீட்டுச் சண்டையை எழுதிவிட்டு அதைக் காட்ட முடியுமா?

திட்டு வாங்கியவர்களும் தவறு செய்கிறார்கள். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறுக்கான 356ஆம் பிரிவுக்கு (2024 ஜூலைக்கு முன் இ.பி.கோ. 499, 500) மாஜிஸ்திரேட்டிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். 2 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு என்றால் ஓராண்டுக்குள் போட வேண்டும்.

அப்புறம், "மாநகராட்சியின் மானம் போச்சு" என்று நஷ்டஈடு கேட்க முடியாது. ஆட்டோ சங்கர் தன்வரலாறு பற்றிய 1994 வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அந்த உரிமை இல்லை என்றது. 1908இல் இதே திருநெல்வேலியில் வ.உ.சி.க்குத் தண்டனை கொடுத்தது ராஜதுரோகத்துக்காக. அதையும் அவதூறையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனிமனிதர் பெயரைக் காக்கச் சிறை தேவையா? தேவையில்லை, நஷ்டஈடே போதும் என்பது என் கட்சி. உச்ச நீதிமன்றம் 2016இல் சிறைத் தண்டனையை விட்டுவைத்துவிட்டது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதிவை அழித்துவிட்டு கம்மென்று இருந்துவிடாதீர்கள். பதில் அனுப்புங்கள், சொன்னது தப்பு என்றால் அதே குரூப்பில் திருத்தமும் போடுங்கள்.