பிள்ளையின் பிறந்த தேதியைக் கருவியில் சரியாகப் பதிவது எப்படி: கலிஃபோர்னியாப் பெற்றோருக்கு

2027 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு புதிய கைப்பேசியிலோ கணினியிலோ கணக்குத் தொடங்கும்போது, அதைப் பயன்படுத்தப்போகிறவரின் பிறந்த தேதியையோ வயதையோ கருவியே கேட்டாக வேண்டும். ஏபி 1043 என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் பஃபி விக்ஸ் கொண்டுவந்த இந்தச் சட்டத்தில் ஆளுநர் கேவின் நியூசம் 2025 அக்டோபர் 13 அன்று கையெழுத்திட்டார். ஃப்ரீமாண்டில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில், வகுப்பு முடியக் காத்திருக்கும் பெற்றோர் என்னிடம் இப்போது அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். கணினி அமைப்புகளை நிர்வகிப்பது என் தொழில். வாட்ஸ்அப்பில் இதைப் பற்றிச் சுற்றும் செய்திகள் பலவும் வேறு மாநிலச் சட்டங்களோடு குழம்பியவை என்பதால், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எதைக் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். "அக்கா, பாஸ்போர்ட் நகல் கொடுக்க வேண்டுமா? பையனின் முகத்தைப் படம் எடுப்பார்களா?" என்று போன வாரம்கூட ஒரு தந்தை கேட்டார். இரண்டும் இல்லை. இந்தச் சட்டம் கேட்பது உங்கள் வாய்மொழியை மட்டுமே. கணக்கு வைத்திருப்பவர் பதினெட்டு வயது நிரம்பியவராக, அல்லது பிள்ளையின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். அவர் தேதியைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆதாரம் கேட்கும்படி சட்டத்தில் எங்கும் இல்லை. அதனால்தான் நீங்கள் எழுதும் தேதிக்கு இவ்வளவு கனம் வந்துவிடுகிறது. நீங்கள் சொன்னதைச் சரிபார்க்க அங்கே வேறு யாரும் இல்லை.

அந்தத் தேதி செயலிகளுக்குப் போவதில்லை. ஆப்பிளோ கூகுளோ மைக்ரோசாஃப்டோ, கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை நடத்துகிறவர் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நான்கு பிரிவுகளில் எது என்பதை மட்டும் செயலிக்குச் சொல்கிறார்: 13க்குக் கீழ், 13 முதல் 15 வரை, 16 அல்லது 17, 18ம் அதற்கு மேலும். செயலியைத் தயாரித்தவர், அது இறக்கப்பட்டுத் திறக்கப்படும்போது இந்தக் குறிப்பைக் கேட்டுப் பெற வேண்டும். பெற்ற பிறகு, பயனரின் வயது அவருக்கு உண்மையிலேயே தெரியும் என்று சட்டம் கருதும்.

இந்தக் கடைசி வரிதான் முழுச் சட்டத்தின் உயிர். 1998இல் வந்த கோப்பா என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, 13 வயதுக்குக் கீழான பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் இணைய நிறுவனங்கள் திரட்டக் கூடாது. கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டப்படி, 16 வயதுக்குக் கீழானவரின் விவரங்களை ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. 13க்குக் கீழ் என்றால் அந்த ஒப்புதலைப் பெற்றோர்தான் தர வேண்டும். நல்ல சட்டங்கள். ஆனால் பொதுப் பயன்பாட்டுச் செயலிகள், "இவர் சிறுவர் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லி இத்தனை காலம் தப்பித்துவந்தன. பிள்ளையின் தேதி கருவியில் சரியாக இருந்தால் இனி அப்படிச் சொல்ல முடியாது. தேதி பொய்யாக இருந்தால், அந்தப் பாதுகாப்பை நாமே பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

பொய்யாகத்தான் பல வீடுகளில் இருக்கிறது. நான்காம் வகுப்புப் பையனின் ஐபோனை அவன் அம்மாவோடு உட்கார்ந்து திறந்து பார்த்தேன். 'செட்டிங்ஸ்' உள்ளே போய், மேலே இருக்கும் அவன் பெயரைத் தொட்டு, 'பர்சனல் இன்ஃபர்மேஷன்' பக்கத்துக்குப் போனால், 'பர்த்டே' என்ற இடத்தில் 1986 என்று இருந்தது. நாளும் மாதமும் அவனுடையவை, ஆண்டு மட்டும் அப்பாவுடையது. ஏதோ ஒரு விளையாட்டுக்காகக் கணக்குத் தொடங்கியபோது, வயது போதாது என்று படிவம் மறுத்திருக்கிறது. அப்பா ஆண்டை மாற்றி அவசரத்துக்கு வேலையை முடித்திருக்கிறார். அந்த அம்மா நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை அந்தக் கணக்கோடு நின்ற தவறு, புதிய ஏற்பாட்டில் அவன் திறக்கும் ஒவ்வொரு செயலிக்கும் "இவர் பெரியவர்" என்று போய்ச் சேரும்.

சரிசெய்யும் முறை

இன்றே செய்யக்கூடிய வேலை, தேதிகளைப் பார்ப்பது. ஐபோனிலும் ஐபாடிலும் மேலே சொன்ன வழி. ஆண்ட்ராய்டிலும் குரோம்புக்கிலும் கூகுள் கணக்குப் பக்கத்தில் 'பர்சனல் இன்ஃபோ', அதற்குள் 'பர்த்டே'. விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் 'யுவர் இன்ஃபோ'. ஒரே பிள்ளைக்கு மூன்றிலும் மூன்று தேதிகள் இருப்பது சாதாரணம். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உடனே எதையும் மாற்றாதீர்கள்.

ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், கூகுள் கணக்கில் தேதியை நேராகத் திருத்தி, பிள்ளைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் வயது இல்லை என்று தெரியவந்தால், பெற்றோர் கண்காணிப்பை ஏற்படுத்த 14 நாள் அவகாசம்தான் தருவார்கள். தவறினால் கணக்கு முடக்கப்படும். படங்கள், பள்ளி வேலைகள், தாத்தா பாட்டியோடு பேசிய வீடியோக்கள் எல்லாம் அதற்குள் இருக்கலாம். எனவே முதலில் கூகுளின் 'டேக்அவுட்' என்ற வசதியின் வழியாக அனைத்தையும் உங்கள் கணினியில் இறக்கி வைத்துவிடுங்கள். பிறகு உங்கள் கைப்பேசியில், பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' செயலியை நிறுவி, அது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். அதன் பிறகு, அவசரமில்லாத ஒரு மாலையில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதியைத் திருத்துங்கள். ஏன் திருத்துகிறோம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

ஆப்பிளில் 13 வயதுக்குக் கீழான பிள்ளையின் கணக்கு, பெற்றோரின் குடும்பக் குழுவுக்குள்தான் இருக்க முடியும். உங்கள் ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'ஃபேமிலி', புதியவரைச் சேர்க்கும் குறி, 'கிரியேட் சைல்டு அக்கவுண்ட்' என்று போனால் பெயரும் தேதியும் கேட்கும். பழைய கணக்கில் தேதியை மாற்ற முடியாமல் போனால், அதோடு மல்லுக்கட்டாமல் இந்த வழியில் புதிய கணக்கைத் தொடங்கிவிடுவது நல்லது. ஐஓஎஸ் 26 முதல், வயதுப் பிரிவைச் செயலிகளிடம் எப்போதும் சொல்வதா, ஒவ்வொரு முறையும் கேட்டுச் சொல்வதா, சொல்லவே வேண்டாமா என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கும் இடமும் வந்திருக்கிறது. விண்டோஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் குடும்பம் என்ற பிரிவின் கீழ் பிள்ளைக்கென்று கணக்கு உருவாக்கலாம்.

இந்தப் படிகளின் நடுவே பெற்றோரின் கடன் அட்டை விவரத்தைக் கேட்பது உண்டு. ஒப்புதல் தருகிறவர் பெரியவர்தான் என்று உறுதிசெய்ய, கோப்பா சட்டத்துக்காகக் கேட்பது அது. கருவியின் அமைப்புப் பக்கத்திலேயே கேட்டால் கொடுக்கலாம். குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ வந்த இணைப்பைத் தொட்ட பிறகு கேட்டால் கொடுக்கவே கூடாது.

தேதியை எழுதும்போது மாதம் முதலில், நாள் அடுத்து. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா செப்டம்பர் 4 என்பதை 4/9 என்று எழுதினால், கருவிக்கு அது ஏப்ரல் 9. ஏறக்குறைய ஐந்து மாதம் முன்னதாகவே பிள்ளைக்கு 13 ஆகிவிடும். வயதை மட்டும் எழுதும் வாய்ப்பு இருந்தாலும் முழுத் தேதியையே கொடுங்கள். பிறந்தநாள் வரும்போது பிரிவைக் கருவியே கணக்கிட்டுக்கொள்ள முடியும்.

பொதுவாகப் புழங்கும் கருவிகள்

வீட்டில் நடுக்கூடத்தில் கிடக்கும் ஐபாடுதான் உண்மையான சிக்கல். காலையில் பாட்டி தொடர் பார்க்கிறார், மாலையில் பேத்தி வரைகிறாள், இரவில் அப்பா செய்தி படிக்கிறார். சட்டமோ ஒரு கருவியை முதன்மையாகப் பயன்படுத்தும் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆளுநரே கையெழுத்திட்டபோது, பலர் பகிர்ந்துகொள்ளும் கணக்குகளைப் பற்றி இணையவழி ஒளிபரப்பு, வீடியோ கேம் நிறுவனங்கள் எழுப்பிய கவலைகளை, சட்டம் நடைமுறைக்கு வருமுன் தீர்க்கும்படி சட்டமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். அதுவரை நம் கையில் இருப்பது இதுதான்: விண்டோஸிலும் குரோம்புக்கிலும் ஆளுக்கொரு கணக்கு. பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளிலும் பயனர்களைத் தனித்தனியே சேர்க்கலாம். வீட்டு ஐபாடில் அந்த வசதி இல்லை. ஆகவே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பிள்ளை அதிகம் தொடுகிற ஐபாடு என்றால், அது பிள்ளையின் கணக்கில் இருக்கட்டும். பாட்டியின் தொடரை அவருடைய கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு மாற்றிக் கொடுக்கலாம். அவருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியும்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. இயங்குதளத்தை உருவாக்குகிறவர், உரிமம் தருகிறவர், கட்டுப்படுத்துகிறவர் என்று சட்டம் பொதுவாகச் சொல்வதால், 2025இல் கையெழுத்தான வடிவில் ஊதியமில்லாமல் இயங்குதளம் ஆக்கும் தன்னார்வலர்களுக்கும் விலக்கு இல்லை. பெரும் நிறுவனத்தையும், ஓய்வு நேரத்தில் உழைக்கும் நாலு பேரையும் ஒரே தட்டில் வைத்ததை நான் ஏற்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் சட்டம் திருந்த வேண்டும். பெற்றோராக நீங்கள் செய்ய வேண்டியது: பிள்ளைக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு. நிர்வாகக் கடவுச்சொல் உங்களிடம் மட்டும். பின்னால் ஒரு புதுப்பிப்பு தேதி கேட்டால், அதை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

அடையாள அட்டை கேட்டால்

டெக்சாஸில் இருக்கும் உறவினர் அனுப்பும் செய்தி உங்களுக்குப் பொருந்தாது. அங்கே எஸ்பி 2420 என்ற சட்டம், செயலிக் கடைகள் வயதை உறுதிப்படுத்த வேண்டும், சிறுவர் இறக்கும் ஒவ்வொரு செயலிக்கும் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றது. 2026 ஜனவரி 1 அன்று தொடங்க இருந்த அதற்குப் பேச்சுரிமைக்கு முரணானது என்ற அடிப்படையில் ஆஸ்டினில் உள்ள கூட்டாட்சி நீதிபதி 2025 டிசம்பரில் இடைக்காலத் தடை விதித்தார். யூட்டாவின் சட்டம் இன்னொரு வகை. உறவினர் சொல்வது அவர் மாநிலத்தில் சரியாக இருக்கலாம். அதற்காக இங்கே யாருக்கும் ஓட்டுநர் உரிமத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2025 அக்டோபரில், இணைய உரையாடல் தளமான டிஸ்கார்ட் நிறுவனம், தனக்காக வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அறிவித்தது. அவர்களில் வயதை நிரூபிப்பதற்காக அனுப்பியவர்களும் இருந்தார்கள். கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் முகமும் பாஸ்போர்ட் எண்ணும் போனால் என்ன செய்வது? "கலிஃபோர்னியா வயதுச் சட்டப்படி உங்கள் பிள்ளையின் கணக்கு நிறுத்தப்படும், உடனே அட்டையைப் பதிவேற்றுங்கள்" என்று ஏதாவது வந்தால், அதை அழித்துவிடுங்கள்.

ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் கருவிகளுக்கு 2027 ஜூலை 1 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் தேதி கேட்கும் பக்கத்தை இயங்குதள நிறுவனங்கள் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கம் பிள்ளையின் கையில் கருவி இருக்கும்போது தோன்றக்கூடும். பிள்ளை தானே ஏதோ ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து விளையாட்டுக்குப் போய்விடாதபடி, "தேதி கேட்டால் என்னிடம் கொண்டுவா" என்று இப்போதே சொல்லி வையுங்கள். புதுப்பிப்பு வந்த இரவு மீண்டும் ஒருமுறை அந்தத் தாளை எடுத்துச் சரிபாருங்கள்.

அபராதம் பெற்றோருக்கு இல்லை. தவறும் நிறுவனங்களுக்குத்தான்: கவனக்குறைவு என்றால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,500 டாலர் வரை, வேண்டுமென்றே என்றால் 7,500 டாலர் வரை. வழக்குத் தொடுக்கும் அதிகாரம் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு மட்டுமே. சரியான தேதி எழுதிய பிறகும் ஒரு செயலி பிள்ளையைப் பெரியவராக நடத்தினால், அல்லது இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லித் தேவைக்கு மேல் விவரம் கேட்டால், திரையைப் படம் எடுத்து, தேதியும் நேரமும் குறித்து, அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையதளத்தில் இருக்கும் நுகர்வோர் புகார்ப் படிவத்தில் அனுப்புங்கள். செயலியின் பெயர், கருவி, பிள்ளையின் வயதுப் பிரிவு ஆகியவை போதும். பிள்ளையின் பெயரையோ முழுத் தேதியையோ அதில் எழுத வேண்டாம்.