உங்கள் டிசைனை எந்தத் தளத்தில் விற்பது? கடை திறக்கும் முன் ஒரு கணக்கு

"எட்ஸியில் போடலாமா, ரெட்பபிளில் போடலாமா?" வரையத் தெரிந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நானும் திருப்பி ஒன்று கேட்பேன்: "நீங்க விக்கப் போறது என்ன?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. "டிசைன்தான்" என்பார்கள். டிசைனை மூன்று விதமாக விற்கலாம். எந்த விதம் என்று முடிவாகிவிட்டால், தளம் தேடும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

படி 1: எதை விற்கிறீர்கள்?

ஒரு சிக்குக் கோலத்தை வரைந்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கோப்பாகவே விற்கலாம். வாங்குபவர் தரவிறக்கி, அச்செடுத்து, சுவரில் மாட்டிக்கொள்வார். இதற்கு எட்ஸி என்ற இணையச் சந்தை.

அதையே டி-ஷர்ட், கோப்பை, துணிப்பை என்று பொருளில் அச்சடித்தும் விற்கலாம். ஆர்டர் வந்த பிறகுதான் அச்சடிப்பார்கள், ஸ்டாக் வைக்கத் தேவையில்லை. ரெட்பபிள், அமேசானின் மெர்ச் ஆன் டிமாண்ட் எல்லாம் இந்த ரகம். துணியாகவே மீட்டர் கணக்கில் விற்க ஸ்பூன்ஃபிளவர் இருக்கிறது. அங்கே வடிவமைப்பாளரின் அடிப்படைப் பங்கு 10 சதவீதம்.

மூன்றாவது வழி, பயன்படுத்தும் உரிமையை விற்பது. அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் போன்ற இடங்களில் ஒரே கோலத்தை நூறு பேர் உரிமம் வாங்கிப் பயன்படுத்தலாம். அடோபி ஸ்டாக்கில் படங்களுக்கு 33 சதவீதம் உங்களுக்கு. ஷட்டர்ஸ்டாக்கில் 15 முதல் 40 வரை படிப்படியாக ஏறும். ஆனால் டிசம்பரில் உச்சிப்படியில் இருந்தவரும் ஜனவரி 1 அன்று கீழ்ப்படிக்கு வந்துவிட வேண்டும். பரமபதம் மாதிரிதான்.

படி 2: ஒரு பொருளுக்குக் கையில் என்ன நிற்கும்?

பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை மனதில் போட்டால் தப்பும்.

எட்ஸியில் அந்தக் கோலத்தைக் கோப்பாக 5 டாலருக்கு வைக்கிறீர்கள். பட்டியலிட 20 சென்ட். விற்றதும் 6.5 சதவீதக் கமிஷன், அதாவது 32.5 சென்ட். எட்ஸி வெளியே கொடுக்கும் விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் வந்து வாங்கினால் இன்னொரு 15 சதவீதம், அதாவது 75 சென்ட். மொத்தம் 1.275 டாலர் போய்விட்டது. மிச்சம் 3.725 டாலர். பணப் பரிமாற்றக் கட்டணமும் நாணயம் மாற்றும் கட்டணமும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த 15 சதவீத விளம்பரத்தில் சேர வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கடை ஒரு வருடத்தில் 10,000 டாலர் விற்பனையைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு விலக முடியாது. விகிதம் மட்டும் 12 ஆகக் குறையும். ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை: முதல் மூன்று மாதம் அதை அணைத்து வையுங்கள்.

ரெட்பபிளில் கணக்கு வேறு. அவர்கள் ஒரு அடிப்படை விலை வைப்பார்கள், அதன் மேல் உங்கள் லாபச் சதவீதம் ஏறும். நீங்கள் மாற்றாவிட்டால் 20 சதவீதம். ஒரு பேச்சுக்கு, டி-ஷர்ட்டின் அடிப்படை விலை 600 ரூபாய் என்றால் உங்களுக்கு 120. வாங்குபவர் 720 ரூபாயும் அனுப்பும் செலவும் கொடுப்பார். 2023-இல் அங்கே கணக்குகளை வகை பிரித்து, சாதாரணக் கணக்குகளின் வருமானத்திலிருந்து ஒரு கட்டணமும் பிடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் எழுதப்பட்ட "மாதம் இவ்வளவு சம்பாதித்தேன்" கட்டுரைகளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

சொந்த இணையக் கடை வைத்து, சென்னையின் பிரின்ட்ரோவ், திருப்பூரின் குவிக்இங்க் போன்றவர்களிடம் அச்சடித்து அனுப்பும் வேலையை மட்டும் கொடுப்பது இன்னொரு வழி. ஒரு சட்டைக்கு நிற்கும் பணம் இதில்தான் அதிகம். ஆனால் ஆளைக் கூட்டி வருவது உங்கள் பொறுப்பு. இன்ஸ்டாகிராமில் உங்கள் கோலத்தை விரும்பிப் பார்க்கிறவர்கள் ஏற்கெனவே இருந்தால் இதைத் தொடுங்கள். இல்லையென்றால் காலிக் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

படி 3: வாங்குபவராக ஒரு மணி நேரம் உட்காருங்கள்

தளத்துக்குள் போய் உங்கள் பொருளையே தேடுங்கள். "கோலம்" என்பதை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடினால் எத்தனை வருகிறது? அவற்றில் எதற்காவது வாங்கியவர்களின் விமர்சனம் இருக்கிறதா? பொருளே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் அங்கே தேடுபவர்களும் இல்லை என்றுதான் அர்த்தம். பொருள் நிறைய இருந்து, விமர்சனமும் இருந்து, எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் அதுதான் நல்ல இடம். நீங்கள் கொஞ்சம் வேறு மாதிரி செய்தால் போதும்.

படி 4: பணம் எப்படி வீடு வந்து சேரும்?

இதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம். நானும் அப்படித்தான் மாட்டினேன். ஒரு தளத்தில் நாற்பது டிசைன் ஏற்றிய பிறகுதான், அவர்கள் பணம் அனுப்பும் முறை எதுவும் என் வங்கிக் கணக்குக்குப் பொருந்தாது என்று தெரிந்தது. ஒரு வாரக் கூலி வீண்.

பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை மட்டும் வாங்கலாம், அதற்கு பான் எண் வேண்டும். ஆகவே பதிவு செய்யும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இந்திய விற்பனையாளருக்கு எந்த வழியில் பணம் தருகிறார்கள், எவ்வளவு சேர்ந்தால் அனுப்புவார்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. சந்தைத் தளங்கள் வழியாகப் பொருளை வெளிமாநிலத்துக்கு விற்க, விற்றுமுதல் சிறியதாக இருந்தாலும் பதிவு தேவை. சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் தளர்வு வந்திருக்கிறது. உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 5: கோப்பும் எழுத்தும்

அமேசான் மெர்ச்சில் டி-ஷர்ட்டுக்கு 4500 × 5400 பிக்சல் கேட்பார்கள். 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம், அங்குலத்துக்கு 300 புள்ளி. இந்த அளவில், பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டால் மற்ற தளங்களின் சட்டைகளுக்கும் பெரும்பாலும் போதும். அமேசான் மெர்ச்சில் சேர விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், ஆரம்பத்தில் சில டிசைன்களே ஏற்றவும் விடுவார்கள். அதனால் அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம்.

தமிழ் எழுத்து போட்டால் ஜாக்கிரதை. நவராத்திரிக்காக "கொலு பாக்க வாங்க" என்று ஒரு சட்டை செய்தேன். தளத்திலேயே இருந்த எழுத்துப் பெட்டியில் தட்டினேன், திரையிலும் சரியாகத்தான் தெரிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் பாசத்தில் ஒன்று வாங்கி, போட்டோ அனுப்பினார். கொம்பு "க"வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது, அதற்கப்புறம் தனியாக ஒரு கால். நெஞ்சு முழுக்க இருந்த அந்த முதல் எழுத்தை யாராலும் வாசிக்க முடியாது. அவரோ, "இது புது ஸ்டைலா?" என்று கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து தளத்தின் பெட்டியில் தமிழைத் தட்டுவதே இல்லை. இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவேன். அதற்கப்புறம் எந்த மென்பொருளும் கொம்பைப் பிடுங்க முடியாது. எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கூகுள் எழுத்துருக்களில் உள்ள கேடமரான், ஹிந்த் மதுரை, முக்த மலர் ஆகியவற்றை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். கேன்வா என்ற டிசைன் செயலியில் கிடைக்கும் படத்தை அப்படியே எடுத்து விற்க முடியாது. சினிமா வசனம், நடிகர் முகம், கிரிக்கெட் அணியின் சின்னம் எதையும் தொடாதீர்கள். டிசைன் மட்டும் போகாது, சில சமயம் கணக்கே போய்விடும்.

படி 6: பத்தோடு ஆரம்பியுங்கள்

ஒரு தளம், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பத்து டிசைன். பத்தும் கோலமாக இருக்கட்டும். கோலம் ஒன்று, பூனை ஒன்று, காபி டம்ளர் ஒன்று என்று கலந்து வைத்தால் கடைக்கு முகமே இருக்காது. உங்கள் சொந்தக் காசில் ஒரு மாதிரி வாங்கி, இரண்டு முறை துவைத்துப் பாருங்கள். டிசைன் தங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று பிரத்தியேக உரிமை கேட்காத தளம் என்றால் அதே பத்தை மூன்று மாதம் கழித்து இன்னொரு இடத்திலும் வைக்கலாம்.

எட்ஸியில் ஆரம்பித்தால் காலண்டரில் ஒரு குறிப்பு: பட்டியல் நான்கு மாதம்தான் இருக்கும். தானாகப் புதுப்பிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், ஒருவரும் எட்டிப் பார்க்காத டிசைனுக்கும் மறுபடி 20 சென்ட் எடுத்துக்கொள்ளும். நான்காவது மாதம் முடிவதற்குள் போய், பார்வை விழாதவற்றுக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.